34ஆம் இலக்கக் காரின் கணக்கு

பிக்சார் நிறுவனத்தின் ‘கார்ஸ் 3’ (2017) படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீங்கள். அதில் ஓய்வுபெற்ற பழைய பந்தயக் கார்கள் ஒன்றுகூடியிருக்கிற இடம் ஒன்று வரும். அந்தக் கார்களில் ஒன்றின் பெயர் ரிவர் ஸ்கொட். வந்துபோவது கொஞ்ச நேரம்தான், கவனிக்காமலே விட்டிருக்கலாம். ஆனா அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையான ஒரு மனிதர் இருக்கிறார். வென்டெல் ஸ்கொட். கறுப்பினத்தவர். வேர்ஜீனியா மாநிலத்தின் டன்வில் நகரத்து மெக்கானிக். 1961 தொடக்கம் 1973 வரை நாஸ்கார் கார்ப்பந்தயத்தின் உச்சப் பிரிவில், பெரும்பாலும் தன்னுடைய சொந்தக் காரில், பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொண்டு ஓடியவர்.

அவருடைய பெறுபேற்றை ஒரு வரியில் எழுதலாம்: 495 பந்தயம், 1 வெற்றி.

இந்த வரியை மட்டும் பார்க்கிற ஒருவர், ‘பாவம், முயற்சி பண்ணிப் பார்த்திருக்கிறார், சரிவரேல்லைப் போல’ எண்டு நினைச்சிட்டுப் போகலாம். கணக்கு பொய் இல்லை. ஆனா அந்தக் கணக்கு எப்படி வந்தது, பென்சில் யாருடைய கையில் இருந்தது என்று பார்த்தால்தான் ஒரு சிறிய, காசில்லாத அணியின் வரலாறு விளங்கும்.

கசிப்பில் இருந்து பந்தயத்துக்கு

முதலில் ‘ஸ்டொக் கார்’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற சாதாரணக் கார்தான். பந்தயத்துக்கென்றே பிறந்த, சில்லு வெளியில் தெரிகிற ஃபோர்முலா வன் கார் மாதிரி இல்லை. பில் ஃபிரான்ஸ் என்பவர் முன்னின்று 1948இல் நாஸ்காரைத் தொடங்கினார். அடுத்த வருடம், கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டுகிற பந்தயத் தொடர் ஆரம்பமானது. காலம் போகப்போக உள்ளே எல்லாம் மாறிவிட்டது, வெளித்தோற்றமும் பெயரும் மட்டும் மிஞ்சின.

இந்த விளையாட்டின் வேர் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இருக்கிறது. எங்கட ஊரில் கசிப்பு எண்டு சொல்றமே, அதே மாதிரி அங்கேயும் வரி கட்டாமல் களவாகக் காய்ச்சிய சாராயம் இரவிரவாகக் கார்களில் போனது. அந்தக் கார் பார்வைக்குச் சாதாரணமாக இருக்க வேண்டும். பொலிஸ் துரத்தினால் பிடிபடாத அளவுக்கு எஞ்சின் பலமாக இருக்க வேண்டும். பாரம் ஏற்றியது வெளியில் தெரியாமல் பின்பக்க வில்லுகளும் இறுக்கமாக இருக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகளும் ஓட்டத் தெரிந்த சாரதிகளும்தான் முதல் தலைமுறைப் பந்தயக்காரர்களில் கணிசமானவர்கள்.

ஸ்கொட்டும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். 1921 ஓகஸ்ட் 29இல் பிறந்தார். தகப்பன் வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டி, திருத்திக் கொடுத்தவர், தொழில் அவரிடமிருந்து வந்தது. டன்வில்லில் கறுப்பர்களுக்கு வேலை என்றால் பஞ்சாலை அல்லது புகையிலை ஆலை. இரண்டுக்கும் போவதில்லை என்று ஸ்கொட் சின்ன வயதிலேயே முடிவெடுத்திருந்தார். டக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் இராணுவ வாகனங்களைத் திருத்தினார். திரும்பி வந்து கராஜ் போட்டார், பக்கத்தில் சாராயமும் கடத்தினார். 1949இல் ஒரு தடவை மட்டும் பிடிபட்டு, 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

1952இல் டன்வில்லில் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் தேவைப்பட்டது. ஒரு கறுப்பரை ஓட விட்டால் வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ‘வேகமா ஓட்டுற கறுப்பர் ஆர்?’ எண்டு அவர்கள் போய்க் கேட்டது பொலிசாரிடம். துரத்திக் களைத்தவர்களுக்குத் தெரியாதா? ஸ்கொட்டின் பெயரைச் சொன்னார்கள். ஆக அவர் தடத்துக்கு வந்தது ஒரு விளம்பரத் தந்திரமாக. கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். அவர் திரும்பத் திரும்ப ஓடினார்.

வாசலும் பெற்றோல் காசும்

உள்ளூர்ப் பந்தயத்தில் ஓடுவது ஒரு விஷயம், நாஸ்கார் பந்தயத்தில் ஓடுவது வேறு. காரை இழுத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போவார், வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பல தடவை இப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் ரிச்மண்ட் தடத்தில், அங்கிருந்த ஓர் அதிகாரி அவருக்கு நாஸ்கார் அனுமதிப்பத்திரம் கொடுத்துவிட்டார். மேலிடத்தைக் கேட்டுக் கொடுத்தது இல்லை. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை என்று அந்த அதிகாரியே பிறகு ஸ்கொட்டிடம் சொன்னார்.

பத்திரம் கிடைத்தால் எல்லாம் கிடைத்த மாதிரியா? 1954இல் ஒரு பந்தயத்தில், தூரத்திலிருந்து வந்த சாரதிகளுக்கு ஏற்பாட்டாளர் பெற்றோல் காசு கொடுத்தார், ஸ்கொட்டுக்கு மட்டும் மறுத்தார். ஸ்கொட் பிறகு பில் ஃபிரான்சைக் கண்டு முறையிட்டார். ஃபிரான்ஸ் தன்னுடைய பொக்கெட்டில் இருந்து 15 டொலருக்குப் பதிலாக 30 டொலர் எடுத்துக் கொடுத்து, நீ நாஸ்கார் உறுப்பினர், இனிமேல் அப்படித்தான் நடத்தப்படுவாய் என்று உறுதி சொன்னாராம். ஸ்கொட்டே சொன்ன கதை இது.

நல்ல மனம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 30 டொலர் வந்தது ஒரு பெரிய மனிதரின் பொக்கெட்டில் இருந்து. காசைக் கொடுக்காத ஏற்பாட்டாளருக்கு என்ன நடந்தது என்று அந்தக் கதையில் இல்லை. உரிமையாக வர வேண்டியது தயவாக வந்தது. தயவை நம்பி ஓர் அணியை நடத்த முடியாது. பிறகும் தென் கரோலினாவின் டார்லிங்டன் தடம் பல வருடங்கள் அவரை ஓடவே விடவில்லை. அந்தக் காலத்தில் நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்று அங்கேதான் நடந்தது. பெரிய பந்தயம் என்றால் பெரிய பரிசும் கூடிய புள்ளியும்.

காசில்லாத அணி எப்படி ஓடும்?

1959இல் வேர்ஜீனியா மாநிலச் சம்பியன் பட்டத்தை வென்ற பிறகு, 1961இல் ஸ்கொட் உச்சப் பிரிவுக்கு வந்தார். அங்கே நிலைமை வேறு. முன்வரிசை அணிகளுக்குப் பின்னால் கார்க் கம்பனிகள் நின்றன. ஃபோர்ட்டுக்கு ஹோல்மன்-மூடி என்ற பெரிய பட்டறை, பிளிமத்துக்கு பெட்டி குடும்பம். புது எஞ்சின், புது ரயர், சம்பளத்துக்கு மெக்கானிக் என்று எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தது.

ஸ்கொட்டின் அணி அவருடைய வீட்டுப் பின்வளவு. ஆட்கள் பிள்ளைகளும் சிநேகிதர்களும். கார் மற்றவர்கள் ஓடிக் கழித்தது, எஞ்சின் தானே பிரித்துப் பூட்டியது, ரயர் பாதி தேய்ந்து கைமாறி வந்தது. இரவிரவாகக் காரை இழுத்துக்கொண்டு போக வேண்டும், வழியில் தங்க இடம் கொடுக்கிற ஹோட்டல் இல்லை, உள்ளே இருத்திச் சாப்பாடு கொடுக்கிற கடையும் அரிது. காசு இருந்தாலும் கொடுக்க மாட்டார்கள், அது தெற்கு மாநிலங்களின் இனஒதுக்கல் காலம். அதனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இப்படி ஓர் அணி தடத்துக்கு வந்தால் அது ஓடுகிற விதமே மாறிவிடும். கம்பனிக் காரின் சாரதி எஞ்சின் வெடிக்கும் வரை மிதிக்கலாம், அடுத்த கிழமை இன்னொன்று வரும். ஸ்கொட் மிதித்து எஞ்சின் வெடித்தால் அடுத்த கிழமை வீட்டில்தான் இருக்க வேண்டும். முடிவுக்கோட்டைத் தாண்டினால்தான் சொல்லும்படியான பரிசுக் காசு, அந்தக் காசில்தான் அடுத்த பந்தயத்துக்கான ரயர். அதனால் காரைக் காப்பாற்றி, முட்டுப்படாமல், வேகத்தைக் கொஞ்சம் அடக்கி ஓடுவார். பார்க்கிறவர்களுக்கு ‘மெதுவான சாரதி’ மாதிரித் தெரியும். ஏழை அணியின் எச்சரிக்கையைத் திறமைக் குறைவு எண்டு எழுதி வைப்பது எவ்வளவு லேசு பாருங்கோ.

1963

அந்த வருடம் யூன் 10ஆம் திகதி டன்வில்லில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் பொலிசார் பொல்லுகளாலும் தீயணைப்புக் குழாய்த் தண்ணீராலும் தாக்கினார்கள். அமெரிக்க சிவில் உரிமை வரலாற்றில் அந்த நாளுக்கு ‘இரத்தத் திங்கள்’ என்றே பெயர். அடுத்த மாதங்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் அந்த நகரத்துக்கு வந்துபோனார். ஸ்கொட் வாழ்ந்த ஊர் இது.

அதே வருடம் டிசெம்பர் 1, புளோரிடாவின் ஜக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று, 100 மைல். நாஸ்கார் கணக்கில் இது 1964 பருவத்தின் பந்தயம். ஸ்கொட் கொண்டுவந்தது நெட் ஜரட் என்ற சாரதியிடம் வாங்கிய செவ்ரொலே, இலக்கம் 34. முன்னால் போய்க்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியின் கார் இடையில் பழுதுபட்டு வேகம் குறைந்தது. 25 சுற்று மிச்சம் இருக்கையில் ஸ்கொட் அவரைத் தாண்டினார்.

200 சுற்றை முடித்தார். கட்டம் போட்ட கொடி விழவில்லை. 201. அப்போதும் இல்லை. 202. கொடி இரண்டு சுற்றுப் பின்னால் வந்த பக் பேக்கருக்கு விழுந்தது. பேக்கர்தான் வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். கேடயம் அவருக்கு, படமும் அவருக்கு.

ஸ்கொட் முறையிட்டார். அந்தக் காலத்தில் கணினி ஏது? ஆட்கள் தாளும் பென்சிலுமாக இருந்து, கார் கோட்டைத் தாண்டத் தாண்டக் குறிப்பார்கள். அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்து, ஸ்கொட்தான் வென்றவர் என்று அதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். பரிசுக் காசைக் கொடுத்தார்கள். ஆனால் பார்க்க வந்த சனம் வீட்டுக்குப் போய்விட்டது. கேடயம் பேக்கரோடு போய்விட்டது. ஸ்கொட்டுக்குப் பிறகு கொடுத்தது மலிவான ஒரு மரக் கேடயம்.

எண்ணும்போது பிழை வந்துவிட்டது என்பது அதிகாரிகளின் விளக்கம். ஸ்கொட் அதை நம்பவில்லை. வெற்றி மேடையில் அழகுராணி வெற்றியாளருக்கு முத்தம் கொடுப்பது வழக்கம், ஒரு கறுப்பு மனிதன் வெள்ளைப் பெண்ணோடு அந்தப் படத்தில் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். கையால் எண்ணும்போது பிழை வரும்தான். ஆனா ஒருத்தர் ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று முன்னால இருக்கிறார். அது கண்ணுக்கு முன்னால நடக்குது.

இதில் போனது கேடயம் மட்டும் என்று நினைத்தால் சிறிய அணியின் நிலைமை விளங்கவில்லை என்று அர்த்தம். பந்தயத்தில் வெற்றியின் விலை பரிசுக் காசோடு முடிவதில்லை. அடுத்த நாள் பத்திரிகையில் வரும் படம், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அனுசரணை தர யோசிக்கும் வியாபாரி, ‘இவருக்கு நல்ல எஞ்சின் ஒன்று கொடுத்துப் பார்ப்போம்’ என்று நினைக்கும் கம்பனிக்காரர், எல்லாம் சேர்ந்ததுதான் அதன் விலை. அன்று கொடி நேரத்துக்கு விழுந்திருந்தால் இவ்வளவும் கட்டாயம் நடந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நடப்பதற்கான வாசல் அன்று சாத்தப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். காசைத் தந்தாச்சு, கணக்கு முடிஞ்சுது எண்டு சொல்றவைக்கு இந்தப் பகுதி விளங்கிறதே இல்லை.

ஏழ்மையும் நிறமும்

‘காசில்லாத வெள்ளைச் சாரதிகளும் இருந்தவைதானே? ஏன் எல்லாத்தையும் நிறத்தில போடுறீங்கள்?’ எண்டு ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருந்தார்கள். ஜே. டி. மக்டஃபி 653 பந்தயம் ஓடினார், ஒன்றுகூட வெல்லவில்லை. 1991இல் பந்தயத்திலேயே உயிரையும் விட்டார். ஜேம்ஸ் ஹில்டன் இன்னோர் உதாரணம். சொந்த அணி, சொந்தக் காசு. 1972இல் அலபாமாவின் டலடேகா தடத்தில், கம்பனிப் பலம் உள்ள அணிகளைத் தாண்டி வென்றார்.

ஏழ்மை இவர்கள் எல்லோருக்கும் பொது. அது எஞ்சினைத் தின்றது, ரயரைத் தின்றது. ஆனால் ஹில்டன் டலடேகாவில் வென்ற அன்று வென்றவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மக்டஃபியை ஒரு தடமும் தோலைப் பார்த்துத் திருப்பி அனுப்பவில்லை. ஸ்கொட்டுக்கு ஏழ்மையும் நிறஒதுக்கலும் ஒன்றுக்கொன்று முண்டு கொடுத்தன. ஒதுக்கியதால் அனுசரணை வரவில்லை, அனுசரணை இல்லாததால் பின்னால் ஓடினார், பின்னால் ஓடுவதால் ‘இவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்’ என்று கேட்டார்கள். சக்கரம் மாதிரிச் சுற்றும். இதைச் சாரதி ஒருவரின் திறமையால் மட்டும் உடைக்க முடியாது.

தடம் மாறியபோது

1970களில் விளையாட்டே மாறியது. 1970இல் உச்சப் பிரிவு மண் தடங்களை விட்டுப் போனது. 1971இல் சிகரெட் கம்பனியின் பெரிய அனுசரணை வந்தது. 1972இல் வருடத்துக்கு 48ஆக இருந்த பந்தயங்கள் 31ஆகக் குறைந்தன, சிறிய ஊர்களின் குறுந்தடப் பந்தயங்கள் வெட்டப்பட்டன. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் இது நல்லது. ஆனால் ஸ்கொட் மாதிரியானவர்கள் கஞ்சி குடித்தது அந்தச் சின்னப் பந்தயங்களில்தான். 1964இல் அவர் 50க்கும் மேற்பட்ட பந்தயங்கள் ஓடினார், இனி அப்படி ஓட இடமே இல்லை. மிஞ்சிய பெரிய தடங்களில் பலமான எஞ்சின் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

50 வயதைத் தாண்டிய ஸ்கொட் கையில் இருந்ததையும் கடனையும் போட்டு நல்ல மேர்க்கூரி கார் ஒன்றை வாங்கினார். 1973 மே மாதம் டலடேகாவில் பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே 21 கார்கள் ஒன்றோடொன்று மோதின. ஸ்கொட்டுக்கு இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. கார் முடிந்தது. காரோடு அணியும் முடிந்தது. அதே வருடம் ஒக்டோபரில் சார்லட்டில் இன்னும் ஒரேயொரு பந்தயம் ஓடி 12ஆவதாக வந்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். பழையபடி கராஜ். 1990 டிசெம்பர் 23இல் இறந்தார்.

பிந்தி வந்த மரியாதைகள்

1977இல் ரிச்சர்ட் பிரையர் நடிக்க ‘கிரீஸ்ட் லைட்னிங்’ என்ற படம் இவரைப் பற்றி வந்தது. 2010இல் ஜக்சன்வில்லில் ஒரு மாதிரிக் கேடயத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். 2015இல் நாஸ்கார் புகழ்க்கூடத்தில் அவருடைய பெயரைச் சேர்த்தார்கள். கடைசியில் 2021 ஓகஸ்ட் 28இல், அவர் இருந்திருந்தால் நூறாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், டேடோனாவில் வைத்து நாஸ்கார் அந்த வெற்றிக்குரிய கேடயத்தைக் குடும்பத்திடம் கையளித்தது. 57 வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

அடுத்த சில கிழமைகளில், ஒக்டோபர் 4இல், பப்பா வாலஸ் உச்சப் பிரிவில் வென்றார். ஸ்கொட்டுக்குப் பிறகு வென்ற முதல் கறுப்பினச் சாரதி. வென்ற இடம், ஸ்கொட்டின் கார் நொறுங்கிய அதே டலடேகா. வாலஸின் அணி உரிமையாளர்களில் ஒருவர் கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டன். இரண்டு வெற்றிகளுக்கும் இடையில் மாறியது மனங்கள் மட்டும் இல்லை. இரண்டாவது காருக்குப் பின்னால் பணம் நின்றது.

இந்த மரியாதைகளை நான் குறைத்துப் பேசவில்லை. குடும்பம் அவற்றுக்காகப் பல வருடம் போராடியது. ஆனால் நிறுவனங்கள் இப்படிக் கொண்டாடும்போது ‘விடாமுயற்சி’ என்ற சொல் அடிக்கடி வரும். ஒருவர் விடாமல் முயன்றார் என்று சொல்லும்போது, அவரை அவ்வளவு முயல வைத்தது யார் என்ற கேள்வி மெல்ல மறைந்துவிடும். ஸ்கொட்டைத் தடுத்தது மழையோ விதியோ இல்லை. வாசலில் நின்ற ஆட்கள், பெற்றோல் காசை மறுத்த ஆட்கள், கொடியைப் பிடித்திருந்த ஆட்கள்.

என்னைக் கேட்டால், அந்த ஒற்றை வெற்றியைவிடப் பேச வேண்டியது 1966. அந்த வருடப் புள்ளிப் பட்டியலில் ஸ்கொட் முழு நாட்டுக்கும் 6ஆவது. ஜக்சன்வில் கேடயத்தைப் பற்றி எழுதுகிற பலர் இதைச் சொல்வதில்லை. 495 பந்தயங்களில் 147 தடவை அவர் முதல் பத்துக்குள் வந்தார், ஏறக்குறைய பத்துக்கு மூன்று. கழித்துவிட்ட ரயரிலும் கைமாறிய எஞ்சினிலும் வந்த கணக்கு அது. இனி எங்கேயாவது ‘495 பந்தயம், 1 வெற்றி’ எண்டு பார்த்தால், இந்த 147ஐயும் பக்கத்தில எழுதி வைச்சுப் படியுங்கோ.